பிறர் பாட்டைக் கேட்போம். நம் பாட்டை மறவோம்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

நம் ஊரில் பல சமயத்தாரும் கூடி ஆன்மிக சமாதான விழா ஒன்றை நடத்த இருக்கிறார்கள். ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் பாடலையும் கவிதையையும் மேடையில் வழங்க வேண்டும் என்பது ஏற்பாடு. நம் அறக்கட்டளைக்கும் அழைப்பு வந்திருக்கிறது. செய்தி பரவியதும் மஹல்லாவில் இரண்டு விதமான பேச்சு எழுந்தது. "பாட்டுக் கச்சேரி மேடையில் நம் பிள்ளைகள் ஏறலாமா? அது மார்க்கத்துக்கு ஒத்து வருமா?" என்று சிலர் கேட்கிறார்கள். "போகாமல் இருந்தால், இவர்கள் ஒதுங்கியே இருப்பவர்கள் என்று ஊர் பேசாதா?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டு கேள்வியும் அக்கறையிலிருந்து வந்தவை. எனவே, இன்று இந்தப் பொருளைப் பற்றியே பேசலாம் என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்தோம்.

இப்படிப்பட்ட விழா உலகுக்குப் புதிதல்ல. அதிலும் பெயர் பெற்ற ஒன்று, ஒரு முஸ்லிம் நாட்டில், ஒரு முஸ்லிமின் முயற்சியால் தொடங்கப்பட்டது என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரைச் சொல்கிறோம். ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணி 859-இல் நிறுவியதாக வரலாறு போற்றும் கரவிய்யீன் பள்ளிவாசலும் கல்விக்கூடமும் உள்ள ஊர் அது. அங்கே 1994-இல் உலகப் புனித இசை விழா என்ற பெயரில் ஒரு விழா தொடங்கியது. தொடங்கியவர் ஃபவ்ஸி ஸ்காலி. மானிடவியல் படித்தவர், தஸவ்வுஃப் வழியில் ஈடுபாடு கொண்டவர்.

ஏன் தொடங்கினார்? 1991-இல் வளைகுடாப் போர் நடந்தது. முஸ்லிம் என்றாலே போர், புகை, கோபம் என்று ஒரு பக்கம் நினைத்தது. மேற்கு நாட்டார் எல்லோருமே நமக்குப் பகைவர்கள் என்று மறுபக்கம் நினைத்தது. இந்த இரண்டு நினைப்பையும் பேச்சால் மட்டும் மாற்ற முடியாது, ஒருவர் இறைவனை நினைந்து உருகுவதை மற்றவர் நேரில் கேட்க வேண்டும் என்று ஸ்காலி கருதினார். அன்று முதல் அந்த நகரின் பழைய கோட்டை வாசலான பாபுல் மக்கீனாவின் முற்றத்தில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் பிற சமயத்தாரும் தங்கள் பக்திப் பாடல்களைப் பாடி வருகிறார்கள்.

அந்த விழாவில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அங்கே யாரும் தம் நம்பிக்கையைக் கரைத்துக் கலவையாக்குவதில்லை. முஸ்லிம் பாடகர் நபி புகழைப் பாடுகிறார். கிறிஸ்தவப் பாடகர் குழு தம் துதியைப் பாடுகிறது. கேட்பவர் கேட்கிறார், அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரர் தம் குடும்பக் கதையைச் சொல்லும்போது மரியாதையோடு கேட்கிறோம். அதனால் நாம் அந்தக் குடும்பத்தார் ஆகிவிடுவதில்லையே.

இரண்டாவது, அந்த ஊருக்கே உரிய ஒரு வரலாறு. ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி 1492-இல் முடிவுக்கு வந்தது. அங்கிருந்து துரத்தப்பட்ட யூதர்களும், பின்னர் முஸ்லிம்களும் கடல் கடந்து மொராக்கோவில் அடைக்கலம் புகுந்தார்கள். வீடும் நிலமும் போயின. ஆனால், அந்தலூஸிய இசையை நெஞ்சில் சுமந்து வந்தார்கள். பிறகு முஸ்லிம்கள் அந்த மெட்டுகளில் நபி புகழ் பாடினார்கள். யூதர்கள் அதே மெட்டுகளில் தங்கள் ஹீப்ரூ துதிகளைப் பாடினார்கள். அகதிகளாய் வந்த இரு சமூகத்தார் ஒரே மெட்டைப் பகிர்ந்துகொண்டு, தங்கள் தங்கள் வேதத்தில் உறுதியாக நின்றார்கள்.

மூன்றாவது, பெரிய மேடையில் கட்டணச் சீட்டு வாங்கியவர்கள் அமர்ந்தாலும், ஊர்ப் பொதுமக்களுக்கென்று கட்டணமில்லாத நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. இரவு நேர ஸமாஃ மஜ்லிஸ்களில் ஊர்வாசிகள் இலவசமாக வந்து உட்காரலாம். சமாதானம் என்பது காசுள்ளவர்களின் மாலைப் பொழுதுபோக்காகிவிடக் கூடாது. ஏழை எளியவர்களுக்காகவே நடக்கும் நம் அறக்கட்டளை இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, மார்க்கத்தின் கேள்விக்கு வருவோம். இசைக் கருவிகள் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறக்கட்டளை ஃபத்வா கொடுக்கும் இடமல்ல. எனவே அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் முன்வரவில்லை. ஆனால், கவிதையின் நிலை தெளிவானது. திருக்குர்ஆன் 26ஆம் அத்தியாயத்தின் இறுதியில், வழிதவறிய கவிஞர்களைக் கண்டித்துவிட்டு, ஈமான் கொண்டு நற்செயல் செய்யும் கவிஞர்களை அக்கண்டனத்திலிருந்து விலக்கி வைக்கிறது. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) கவிதை சொல்வதற்காகப் பள்ளிவாசலிலேயே மிம்பர் போடச் செய்தார்கள் நம் நாயகம் (ஸல்). மன்னிப்புத் தேடி வந்த கஅப் இப்னு ஸுஹைர், பழைய அரபுக் கவிதை மரபுப்படியே காதலியின் பிரிவைச் சொல்லித் தொடங்கி ஒரு கஸீதாவைப் பாடினார். நாயகம் (ஸல்) தம் போர்வையையே அவருக்கு அணிவித்ததாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. பெருநாள் அன்று இரண்டு சிறுமியர் தஃப் அடித்துப் பாடியபோது, தடுக்க வந்த அபூபக்ர் (ரலி) அவர்களிடம், அவர்களை விட்டுவிடுமாறு நாயகம் (ஸல்) சொன்னது ஹதீஸில் நாம் அறிந்த செய்தி.

பாட்டுக் கேட்பது பற்றித் தனிப் பகுதியே எழுதிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்), நேரம், இடம், உடனிருப்போர் மூன்றையும் பார்க்க வேண்டும் என்ற பெரியோர் கூற்றை எடுத்துரைக்கிறார்கள். நமக்கும் அதுவே அளவுகோல். மக்களைப் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று 49ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது. அறிந்துகொள்ள வேண்டுமானால், அடுத்தவர் பேசும்போது காது கொடுக்கத்தானே வேண்டும்?

இதில் நம் தமிழ் முன்னோர் நமக்கு முன்பே நடந்து காட்டிவிட்டார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவர். அந்த இந்துப் புலவரிடம் கற்ற தமிழைக் கொண்டுதான் 5,027 பாடல்களில் நாயகத்தின் வரலாறு காப்பியமாயிற்று. அதற்குத் துணை நின்ற வள்ளல் சீதக்காதி, படிக்காசுப் புலவரையும் ஆதரித்தவர். காயல்பட்டினத்துக் காசிம் புலவர், அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தத்தைக் கேட்டு வியந்தார். அதே சந்தத்தில் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடினார். சந்தம் அவர்களுடையது, ஈமான் இவருடையது. எது எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கொடுத்ததும் உண்டு. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து ஆகிய வடிவங்களை அரபியிலிருந்தும் ஃபார்ஸியிலிருந்தும் எடுத்துவந்து தமிழுக்கு வழங்கியவர்கள் நம் புலவர்களே. குணங்குடி மஸ்தான் சாகிபு மீது நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர். நாகூர் தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். நம் காலத்திலேயே, உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயீல் அவர்கள் கம்பனில் ஆழ்ந்து சென்னைக் கம்பன் கழகத்தை நிறுவினார்கள். நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானா அவர்களின் வாசிப்பைக் கேட்கத் தமிழகமே திரண்டது. நாகூர் ஹனீஃபா அவர்களின் குரல் ஒலித்தால், வானொலிப் பெட்டிக்கு அருகே உட்கார்ந்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமா?

ஆக, அந்த மேடைக்குப் போகலாமா என்பது நம்மைக் கலங்க வைக்கும் கேள்வியல்ல. நம்மைக் கலங்க வைக்க வேண்டிய கேள்வி வேறு. போனால் எதைப் பாடப் போகிறோம்?

இந்த மண்டபத்தில் இருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சீறாவிலிருந்து ஒரு செய்யுள் தெரியும்? ஒரு முனாஜாத்தை முழுதாகச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? முன்பெல்லாம் நம் வீடுகளில் பெண்கள் மாலை நேரத்தில் கூடி நூறு மசலா வாசிப்பார்கள். பெண்புத்தி மாலை ஓதுவார்கள். எழுத்து அரபு, மொழி தமிழ் என்று இருந்த அரபுத் தமிழ்ப் புத்தகங்கள் குர்ஆன் பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கும். கல்யாண வீட்டுப் பாட்டும் தாலாட்டும் பாட்டிமார் நெஞ்சில் நிறைந்திருந்தன. அவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகும்போது அந்தப் பாடல்களும் கூடவே கபுறுக்குள் போய்விடுகின்றன.

ரமலான் மாதத்தில் தாயிராவைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் பாடி, நம்மை ஸஹருக்கு எழுப்பிவிட்ட பாவாமார்களை நினைத்துப் பாருங்கள். கைப்பேசி எழுப்ப ஆரம்பித்த பிறகு அவர்கள் வருகை குறைந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் முழுக் கிஸ்ஸாவையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பெருநாள் காசுக்காக வாசலில் நிற்பவராக மட்டுமே நம் பிள்ளைகள் அவர்களைப் பார்க்கிறார்கள். அவர்கள் ஒரு கலைச் செல்வத்தைச் சுமந்து வருகிறவர்கள் என்று நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

தன் பாட்டை அறியாதவன் பிறர் மேடையில் இரண்டில் ஒன்றைத்தான் செய்வான். கூச்சப்பட்டு ஒதுங்குவான், அல்லது கிடைத்ததைப் பாடிவிட்டு வருவான். இரண்டிலும் நமக்குப் பெருமை இல்லை. ஃபெஸ் நகரத்தார் உலகத்தையே வீட்டுக்கு அழைக்க முடிந்ததற்குக் காரணம், அவர்கள் வீட்டில் பரிமாறுவதற்குப் பதார்த்தம் இருந்தது.

எனவே, நிர்வாகக் குழுவின் முடிவுகளை உங்கள் முன் வைக்கிறோம்.

அழைப்பை ஏற்கிறோம். நம் சார்பில் சீறாப்புராணத்திலிருந்து சில செய்யுள்களும், ஒரு முனாஜாத்தும், தஃப் மட்டும் கொண்டு ஒரு பைத்தும் வழங்கப்படும். இசைக் கருவிகளில் கருத்து வேறுபாடு உள்ளதால், நம் நிகழ்ச்சி யாருக்கும் உறுத்தல் இல்லாத எல்லைக்குள்ளேயே அமையும். ஓதப்படும் ஒவ்வொரு வரியையும் நம் ஆலிம்கள் முன்கூட்டியே பார்த்துத் தருவார்கள். மஃரிபு, இஷா தொழுகை நேரங்களில் நம் நிகழ்ச்சி இராது. பிற சமயத்தாரின் வழிபாட்டுச் சடங்குகளில் நாம் பங்கெடுக்க மாட்டோம், அவர்கள் பாடும்போது எழுந்து போகவும் மாட்டோம். பிள்ளைகளை அனுப்புவது பெற்றோர் விருப்பம். அனுப்பாதவர்களைப் பற்றி ஒரு சொல்லும் யாரும் பேசக் கூடாது.

அடுத்து, விழாவோடு முடிந்துவிடாத வேலை. இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் முதல் ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் நம் மண்டபத்தில் தமிழ் இஸ்லாமிய இலக்கிய வகுப்பு நடக்கும். கட்டணம் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி நேரம். வீட்டில் பழைய அரபுத் தமிழ்ப் புத்தகங்கள் இருந்தால் பரண் மேல் கரையானுக்கு விட்டுவிடாமல் கொண்டு வாருங்கள். படியெடுத்துவிட்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம். பாடல் தெரிந்த மூதாட்டிகள் இருந்தால் சொல்லுங்கள். நம் மகளிர் குழுவினர் வீட்டுக்கே வந்து, அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்வார்கள். நம் பகுதியிலுள்ள முதிய பாவாமார்களுக்கு ரமலானில் மட்டும் கொடுத்து வந்த உதவியை மாதாந்திர உதவியாக்கவும், வகுப்பில் கிஸ்ஸா சொல்லிக் கொடுக்க அவர்களைக் கண்ணியத்தோடு அழைக்கவும் உத்தேசித்திருக்கிறோம். இது ஸதகா மட்டுமல்ல, ஆசிரியருக்குக் கொடுக்கும் காணிக்கை. இதற்குச் செலவாகும். கை கொடுக்கக்கூடியவர்கள் கை கொடுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மேடையில் பக்கத்துத் தெருப் பையன் தேவாரம் பாடும்போது கவனமாகக் கேளுங்கள். தேவாலயப் பிள்ளைகள் கீர்த்தனை பாடும்போதும் கேளுங்கள். அவர்கள் எதற்காக அழுகிறார்கள், எதற்கு நன்றி சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நாளை ஊரில் ஏதேனும் வதந்தி கிளம்பினால், அந்த முகம் உங்களுக்குத் தெரிந்த முகமாக இருக்கும். உங்கள் முகம் அவனுக்குத் தெரிந்த முகமாக இருக்கும். கலகக்காரன் முதலில் தேடுவது, ஒருவரையொருவர் அறியாத தெருக்களைத்தான்.

யா அல்லாஹ்! எங்கள் நாவை உன் புகழாலும், எங்கள் செவியை நல்ல சொல்லாலும் நிறைப்பாயாக. எங்கள் ஊரை அமைதியான ஊராக ஆக்குவாயாக. எங்கள் முன்னோர் விட்டுச் சென்ற நல்லவற்றைக் காக்கும் பிள்ளைகளை எங்களுக்குத் தந்தருள்வாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.