பழைய கணினிக்குப் புதிய நினைவகம்



சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியிலாயினும், வேறெத் தோட்டப்புறத்திலாயினும், பள்ளிக் கணினி விழித்தெழுவதற்குள் பாடவேளையிற் பாதி கழியுமாயின், இழப்பவர் மாணவரே. புதுக் கணினி வாங்குதல் யாவர்க்கும் இயலாது. வன்தட்டிற்குப் பதிலாகத் திண்மநிலை நினைவகம் பொருத்துதல் செலவு குறைந்த வழியாகும்.

வன்தட்டு நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். அதன் தலை நகர்ந்து நகர்ந்தே செய்தியைத் தேடும். திண்மநிலை நினைவகத்திலோ அசையும் உறுப்பே இல்லை. ஆதலின் விரைவு மிகும், அதிர்ச்சியையும் தாங்கும்.

வாங்குமுன் கணினியின் இணைப்புவாயை அறிந்துகொள்க. பழைய கணினிகள் பெரும்பாலானவற்றிற்கு 2.5 அங்குலச் சாட்டா வகையே பொருந்தும். மெல்லிய எம்.2 வகைக்குத் தனி இணைப்புவாய் வேண்டும். அதிலும் சாட்டா, என்விஎம்இ என இருவகை உண்டு. வேகத்தைக் கேட்டு மயங்கி வாங்குதல் வீண்செலவாகும். எழுத்துப் பணிகளுக்கு 256 கிகாபைட் போதுமானது.

பொருத்துமுன் கோப்புகளை வேறிடத்திற் படியெடுத்து, அப்படியைத் திறந்தும் பார்த்திடுக. மின்னிணைப்பை நீக்கிய பின்னரே மூடியைக் கழற்றுக. பின்னர் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவலாம். பழைய தட்டை முழுமையாகப் படியெடுத்தும் மாற்றலாம். எல்லாம் செவ்வனே இயங்குதல் உறுதியாகும்வரை பழைய தட்டை அழித்தல் தகாது.

ஒன்றை மறவாதீர். இந்நினைவகம் முன்னறிவிப்பின்றியும் பழுதுறலாம். நினைவகத்தை மீண்டும் வாங்கலாம். மாணவரின் புள்ளிப் பதிவுகளை எக்கடையிலும் வாங்க முடியாது. ஆகவே படியொன்று என்றும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.