யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில், மாணவர்களுடனான திரைப்படக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



போர்ப் படத்துக்கென்று ஒரு சாஸ்திரம் இருக்கிறது. போர் நியாயமானது, தலைவன் அழகன், எதிரி மனுசனே இல்லை, செத்தவன் தியாகி. 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ தொடங்கி 2022இல் வந்த ‘பொன்னியின் செல்வன்’ வரைக்கும் குதிரையில் வருபவனுக்குத்தான் வசனம். காலாட்படைக்காரனுக்குப் பேரே கிடையாது. முரசடிக்கிறவனுடைய கை தெரியும், முகம் தெரியாது.

இந்த மலையின் அடிவாரம் செங்கம் வட்டாரம், நடுகற்களுக்குப் பேர்போனது. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. செத்த வீரனோடு, கள்ளரை எதிர்த்து நின்ற ‘கோவிவன்’ என்கிற நாயின் பேரும் அதில் பொறித்திருக்கிறது. நாய்க்குப் பேர் கொடுத்த மண்ணில்தான் நம்ம சினிமா காலாளுக்குப் பேர் கொடுக்காமல் இருக்கிறது.

பகடி இந்தச் சாஸ்திரத்தை உடைக்கிறது. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ (1964) ஒரு சீரியஸான நாவலில் இருந்து பிறந்த படம். எழுத எழுத, அணுகுண்டுத் தர்க்கமே ஒரு கோமாளித்தனம் என்று அவருக்குப் பட்டது. வெறி பிடித்த ஒரு தளபதி உத்தரவு போடுகிறான். மற்றவர்கள் விதிப்படி வேலை செய்கிறார்கள். அந்த ஒழுங்கில்தான் உலகம் அழிகிறது. ஒரு வில்லன் தலையில் பழியைப் போட்டுவிட்டு நாம வீட்டுக்குப் போய்விட முடியாது. பகடி எழுப்புகிற அறக்கேள்வி இது.

தமிழில் இதற்கு நெருங்கி வந்தது சிம்புதேவனின் ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’ (2006). வடிவேலுவை அரியணையில் உட்கார வைத்ததே ஒரு கலகம். கட்டுமஸ்தான உடம்பில் தன் தலையை ஒட்டி ஓவியம் வரையச் சொல்கிறான் அரசன். ராஜா படங்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தன என்பது அந்த ஒரு காட்சியில் அம்பலமாகிறது.

ஆனால் அதே படத்தில் சாதிச் சண்டைக்கென்று அரசன் ஒரு மைதானம் திறக்கிறான். இரண்டு சாதிக்காரர்களும் சமமான முட்டாள்களாக மோதிக்கொள்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம். கேட்கிறேன்: 1968இல் வெண்மணியில் 44 பேரை எரித்தது ‘சண்டை’யா? 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் ஆறு பேரையும் வெட்டியது ‘மோதலா’? அடிக்கிறவனையும் அடிபடுகிறவனையும் ஒரே மைதானத்தில் இறக்கிவிட்டால் தப்பிப்பது அடிக்கிறவன்தான். கடைசியில் கெட்ட அரசனுக்குப் பதில் அவனுடைய நல்ல இரட்டையன் வருகிறான். அரியணை அப்படியே இருக்கிறது. படத்தின் கலகம் அங்கே நின்றுபோகிறது.

சிரிப்புக்கு எல்லை உண்டா? ‘தி கிரேட் டிக்டேட்டர்’ (1940) எடுத்த சாப்ளின், வதைமுகாம்களின் உண்மையான கொடூரம் தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் அவர் சிரிக்க வைத்தது சர்வாதிகாரியைப் பார்த்து. முடிதிருத்துகிற யூதனை அவர் நேசித்தார். நமக்கு அளவுகோல் அதுதான்.

2019இல் அதியன் ஆதிரை எடுத்த ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ முழுப் பகடி இல்லை. ஆனால் யாரோ நடத்திய போரின் குப்பை காயலான் கடைத் தொழிலாளி தலையில் வந்து விழுவதைக் காட்டியது. கேமரா குதிரையை விட்டு இறங்கியது.

இதை ஏன் இந்த மலையில் வந்து பேசுகிறேன்? 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழ்நாட்டுக் கூலிகளைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் இந்த மலைக்காரர்கள். கல்லெறிந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். கூலிக்கு மரம் வெட்டப் போனவன் ஒரே ராத்திரியில் எதிரிப்படை ஆகிவிட்டான். போர்ப்படச் சாஸ்திரம் அப்படியே காட்டுக்குள் இறங்கிவிட்டது.

அந்தச் சாவுகளை வைத்து யாரும் சிரிக்க முடியாது. ஆனால் அந்த அறிக்கையின் மொழி இருக்கிறதே, துப்பாக்கியைக் கல்லுக்குப் பயந்த அப்பாவியாக்குகிற மொழி, அதைப் பகடி செய்யலாம், செய்தாக வேண்டும். அப்படி ஒரு படம் உங்களிடமிருந்து வந்தால், அதில் 20 பேருக்கும் பேர் இருக்கட்டும்.

இனி நீங்கள் பேசுங்கள்.