காது கொடுத்துக் கேட்போம்

(முதியோருக்குக் கைபேசி வழி அரசு சேவைகளைப் பெற உதவும் தன்னார்வலர்களிடையே ஆற்றிய உரை)



செயலியை எப்படிப் பதிவிறக்குவது, ஓ.டி.பி. வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் உங்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் நான் வேறு ஒரு விஷயம் பேச வந்திருக்கிறேன். நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நவம்பர் மாதம், ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழ் எடுக்க என்னிடம் வந்தார். கைபேசியை வாங்கினேன். ஆதார் எண் போட்டு, முகத்தைக் காட்டச் சொல்லி, "கண்ணைச் சிமிட்டுங்க சார்" என்றேன். வேலை முடிந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. "போன வருஷம் இதெல்லாம் அவதான் பண்ணிக் கொடுத்தா..." என்று ஆரம்பித்தார். நான், "ஆமா சார், இப்போ ரொம்ப ஈசி" என்று சொல்லிவிட்டு என் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அடுத்த வாரமும் வந்தார். "போட்டோ எல்லாம் அழிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு தம்பி" என்றார். "அழியாது சார்" என்று ஏதோ ஒரு பட்டனை அழுத்திக் கொடுத்தேன். மூன்றாவது முறை வந்தபோது என் அம்மா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, "அண்ணி போனதுக்கப்புறம் சமையல் எல்லாம் எப்படிண்ணா?" என்று கேட்டார். அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் பேசினார், அழுதார். அம்மா ஒரு அறிவுரையும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அம்மா சொன்னார்: "அவர் போன்ல ஒரு கோளாறும் இல்லடா. பேச ஆள் இல்ல."

திருக்குறளில் 'கேள்வி' என்று தனி அதிகாரமே உண்டு. அது கற்றவர் சொல்வதைக் கேட்டு அறிவு பெறுவதைச் சொல்கிறது. துயரப்படுபவர் சொல்வதைக் கேட்பதும் ஒரு கேட்டல்தான். அதில் நமக்குக் கிடைப்பதைவிட, சொல்பவருக்குக் கிடைப்பது அதிகம்.

1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காகத் தொலைபேசி உதவியைத் தொடங்கினார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களிடம் தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படி மனம்விட்டுப் பேசியதிலேயே பலருக்குப் பாரம் குறைந்துவிட்டது. பாதிரியாரைப் பார்க்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. அதைக் கண்ட அவர், அந்தப் பொறுப்பைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். அதுதான் 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு. நம் சென்னையில் 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா'விலும் தன்னார்வலர்கள் செய்வது இதைத்தான்.

இதற்குப் பட்டம் தேவையில்லை. சில பழக்கங்கள் போதும்.

ஒருவர் பேசும்போது உங்கள் கைபேசியைக் கவிழ்த்து வையுங்கள். பாதியில் குறுக்கிடாதீர்கள். "எனக்கும் இப்படித்தான்" என்று உங்கள் கதையை ஆரம்பிக்காதீர்கள். "எல்லாம் சரியாயிடும்" என்று அவசரமாக முடித்துவைக்காதீர்கள். அவர் சொன்னதை, "ராத்திரியிலதான் ரொம்பக் கஷ்டமா இருக்கு, இல்லையா?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் மௌனமானால் நீங்களும் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

யாராவது "வாழவே பிடிக்கல" என்றால், "சும்மா இருங்க" என்று அடக்காதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல், 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கோ, 104-க்கோ நீங்களே அழைத்துக் கொடுங்கள். மூத்த குடிமக்களுக்கு 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. இந்த மூன்றையும் இப்போதே கைபேசியில் பதிந்து வையுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போதும் வருகிறார். சில நாள் கைபேசியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வருகிறார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நீங்கள் உதவப்போகும் முதியவரிடமும் வேலை முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். பத்து நிமிடம் கூடுதலாக உட்காருங்கள்.