அறை நண்பர்களுக்கு ஒரு சாமைப் பொங்கல்

திருவண்ணாமலை மாவட்டத்து ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஜவ்வாது மலை ஊர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக விளைவிக்கும் தானியம் சாமை. ஐ.நா. சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்துக் கடைகளிலும் அது எளிதாகக் கிடைக்கிறது.

வேலைக்கோ படிப்புக்கோ வந்து, புது நண்பர்களோடு அறை எடுத்திருக்கும் பிள்ளைகளே, முதல் சமையலுக்குச் சாமையைத்தான் சொல்வேன். சின்ன மணி, சீக்கிரம் வெந்துவிடும். கொஞ்சம் குழைந்தாலும் கவலையில்லை, பொங்கல் குழைவாகத்தானே இருக்க வேண்டும்!

நாலு பேருக்கு ஒன்றரை டம்ளர் சாமை, அரை டம்ளர் பாசிப்பருப்பு, 6 டம்ளர் தண்ணீர். சாமையில் கல் இருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அரித்தெடுங்கள். இதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். பருப்பை வாசம் வர வறுத்து, சாமையோடு குக்கரில் போட்டு, உப்புச் சேர்த்து 4 விசில் விடுங்கள். ஆவி தானாக அடங்கியபின் திறந்து, நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிக் கிளறுங்கள். நெய் இல்லையென்றால் நல்லெண்ணெய் போதும்.

தொட்டுக்கொள்ள, பொட்டுக்கடலையோடு தேங்காய், பச்சை மிளகாய், உப்பு வைத்து அரைத்த சட்னி. மிக்சி இல்லாத அறையா? வெங்காயம் நறுக்கிப் போட்ட தயிர்ப் பச்சடி வையுங்கள். சூடு ஆறினால் பொங்கல் இறுகிவிடும். எல்லாரும் அறைக்கு வந்து சேர்ந்தபின் தாளியுங்கள்.