இழுப்பு எதனால வருது? நோட்டுல எழுதிப் பார்ப்போம்!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



மாதாமாதம் சேமிப்பு, கடன், வட்டி என்று பேசுகிறோம். இன்றைக்கு நம்ம மூச்சைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

குழுக் கூட்டங்களில் நாம் பார்க்கிறோம். சில அக்காமார் தண்ணீர்க்குடம் தூக்கினால் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள். கேட்டால் "வயசாயிடுச்சு", "ஈளை", "வீசிங்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வருடக்கணக்கில் இருமல், சளி, மூச்சுத் திணறல் என்று இருந்தால் அது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம். டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்று எழுதுவார்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் இந்த நோயால் சுமார் 35 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள்.

"அது பீடி குடிக்கிற ஆம்பளைங்களுக்கு வர்ற நோய்தானே?" என்று கேட்கலாம். பீடி தொடாத நமக்கும் வரும். சின்ன வயதிலிருந்து விறகு, சுள்ளி, வறட்டி எரித்த புகை நுரையீரலில் இறங்கியிருக்கிறதே! ஆனால் மூச்சு வாங்குவதெல்லாம் இந்த நோய் இல்லை. ஆஸ்துமா, ரத்தசோகை, இருதயக் கோளாறாகவும் இருக்கலாம். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்தால் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்.

இந்த நோய் முழுசாகக் குணமாகாது. ஆனால் கட்டுப்பாட்டில் வைத்து வேலைவெட்டி பார்க்கலாம். நம்மைப் படுக்க வைப்பது திடீரென்று நோய் முற்றி வரும் இழுப்புதான். ஒரு தடவை வந்தால் தேறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். கூலி போச்சு, தவணை நின்னுபோச்சு. அதைவிடப் பெரிய நஷ்டம், ஒவ்வொரு பெரிய இழுப்புக்குப் பிறகும் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். அதனால் வந்த பிறகு ஓடுவதைவிட, எது கிளப்பிவிடுகிறது என்று கண்டுபிடிப்பதே லாபம்.

பழியைத் தவறான இடத்தில் போடுகிறோம்

இழுப்பு வந்தால் முதலில் எதை நிறுத்துகிறோம்? தயிர், வாழைப்பழம், பழைய சோறு. "குளிர்ச்சி, ஆகாது" என்கிறோம். அடுப்படியை மட்டும் மாற்றுவதில்லை.

நம்ம பகுதியில் ஒரு அக்கா இப்படியே ஒவ்வொன்றாக நிறுத்தி உடம்பு இளைத்துவிட்டார். இந்த நோய் உள்ளவர்கள் இளைத்தால் மூச்சுவிடும் தசைகளும் பலவீனமாகிவிடும். அவரை ஒரு நோட்டுப் போடச் சொன்னோம். மூன்று மாதம் எழுதினார். தயிர் சாப்பிட்ட நாளுக்கும் இழுப்புக்கும் சம்பந்தமே இல்லை. நெல் அவித்த நாளுக்கும், வீட்டில் பேரனுக்குச் சளி பிடித்ததற்கும் பிறகுதான் இழுப்பு வந்திருந்தது. நெல் அவிக்கிற வேலையை மருமகள் ஏற்றுக்கொண்டார். தயிர் திரும்ப வந்தது.

நோட்டு எப்படிப் போடுவது?

நமக்குக் கணக்கு நோட்டு புதுசா என்ன? மூன்று கட்டம் போதும். தேதி, மூச்சு எப்படி இருந்தது (நல்லது, சுமார், மோசம்), அன்றும் அதற்கு முந்தின இரண்டு மூன்று நாளும் என்ன செய்தோம், எங்கே போனோம். முந்தின நாட்களையும் ஏன் எழுதணும்? புகை உடனே இருமலைக் கிளப்பும். சளிக்கிருமியோ சில நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம்.

எதையெல்லாம் கவனிக்கணும்?

1. அடுப்பு: சமையல் மட்டுமில்லை, வெந்நீர் போடுவது, நெல் அவிப்பது எல்லாம் சேர்த்து. பாலிதீன் பையும் மண்ணெண்ணெயும் ஊற்றிப் பற்ற வைப்பது ரொம்ப மோசம். மிளகாய் வறுக்கும் நெடியும் சேரும்.

2. கொசுவர்த்திச் சுருள்: 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று கண்டார்கள். கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தியும் புகைதான்.

3. தூசி: கதிரடிப்பு, உமி, பஞ்சு, ஒட்டடை, வெள்ளையடிப்பு.

4. பீடி, சிகரெட்: வீட்டுக்குள் ஒருவர் குடித்தால் எல்லோரும் குடிக்கிற மாதிரி.

5. சளி, காய்ச்சல்: பல இழுப்புக்கும் இதுவே காரணம். சளி பிடித்தவர்கள் முகக்கவசம் போடட்டும். கை கழுவுங்கள். தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

6. மார்கழிப் பனி, போகிப் புகை, தீபாவளி வெடி, தெருவில் எரிக்கும் குப்பை. அந்த நேரம் கதவைச் சாத்தி உள்ளே இருங்கள்.

7. மருந்தை நிறுத்துவது: "பம்பு அடிச்சா பழகிடும்" என்று பயந்து நிறுத்துகிறார்கள். அது போதைப் பழக்கம் இல்லை. டாக்டர் சொன்னபடி தினமும் எடுக்க வேண்டியதைத் தினமும் எடுக்கணும். சரியாக இழுக்கிறோமா என்று நர்ஸிடம் செய்து காட்டுங்கள்.

முந்தானையை மூக்கில் கட்டினால் புகையின் நுண்தூசி நிற்காது. அதை நம்பி அடுப்படியில் நிற்க வேண்டாம்.

வீடும் குழுவும் சேரணும்

"சிலிண்டர் விலைக்கு எங்கே போறது?" நியாயமான கேள்வி. 2016இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் இணைப்பு வாங்கிய வீடுகளில்கூட விருந்தாளிக்கு டீ போட மட்டும் கேஸைப் பற்ற வைப்பதைப் பார்க்கிறோம். முழுசாக மாற முடியாவிட்டால், மூச்சு மோசமான நாட்களிலாவது கேஸில் சமையுங்கள். விறகுதான் என்றால் காய்ந்த விறகாக, வெளித்திண்ணையில், வேறொருவர் சமைக்கட்டும். நோயாளியே அடுப்பு ஊதிக்கொண்டு எச்சரிக்கையாக இருப்பது எப்படி? கணவரும் பிள்ளைகளும் கை கொடுக்கணும்.

இருமலும் சளியும் வழக்கத்தைவிடக் கூடினால், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், மூச்சு வாங்குவது அதிகமானால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நோட்டையும் கையில் கொண்டு போங்கள். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நகம் நீலம் பாய்கிறது, குழப்பமாகப் பேசுகிறார், மயக்கமாகத் தூங்கி வழிகிறார் என்றால் கஷாயம், ஆவி என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் பேசுங்கள். யாருக்கு மூச்சுத் தொல்லை, யார் நோட்டுப் போடுகிறார், பரிசோதனைக்கு யார் துணைக்குப் போவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். தவணை தவறிய உறுப்பினர் வீட்டுக்கு நாலு பேர் போய் விசாரிக்கிறோமே, மூச்சு வாங்குகிற உறுப்பினர் வீட்டுக்கும் அதே நாலு பேர் போவோம்.