விமானத்துக்கு முன் இரண்டு இட்லி

2018 மார்ச் மாதம் சென்னை விமான நிலையத்தில் ப. சிதம்பரம் ஒரு தேநீர் கேட்டார். வெந்நீரும் தேயிலைப் பையும் தருகிறோம், 135 ரூபாய் என்றார்கள். காபி 180. அவர் வாங்கவில்லை. வாங்காமல் வந்தது சரியா தவறா என்று ட்விட்டரில் ஊரைக் கேட்டார். நிதியமைச்சராக இருந்தவருக்கே இந்தக் கதியா என்று சிரித்தவர்களும் உண்டு. சிரிப்பு ஓய்ந்தது, விலை இறங்கவில்லை. 2024 டிசம்பரில் மாநிலங்களவையில் உறுப்பினர் ராகவ் சத்தா இதே புகாரை எழுப்பினார். தண்ணீர் பாட்டில் 100 ரூபாய், தேநீர் 200 முதல் 250 வரை என்று அவர் கணக்குச் சொன்னார்.

இதை வெறும் விலைவாசிப் புலம்பலாகத் தள்ளிவிட முடியாது என்பது என் வாதம். காலை 6 மணி விமானத்துக்கு 4 மணிக்கே வந்துவிடுங்கள் என்கிறார்கள். செக்-இன் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடுகிறது. சோதனை முடிந்து உள்ளே போனவர், எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வர முடியாது. அப்படியானால் உள்ளே எடுக்கும் பசி பயணியின் சோம்பலால் வந்ததல்ல, நிலையத்தின் நடைமுறையால் வந்தது. கழிப்பறையும் குடிநீரும் போல, கைக்கெட்டும் விலையில் ஒரு சிற்றுண்டியும் அங்கே அடிப்படை வசதிதான். கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. விற்பனையில் ஒரு பங்கு, அல்லது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, இரண்டில் எது அதிகமோ அதை நிலையத்துக்குக் கட்டுவதுதான் இந்தக் கடைக் குத்தகைகளின் வழக்கம். அந்தச் சுமை நேரே காபிக் கோப்பையில் வந்து இறங்குகிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் பெரிய நிலையங்களில் விமானம் தரையிறங்கும் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. இட்லி விலை அதன் கணக்கில் வராது.

இதற்கு அதிகாரிகள் தரப்பில் ஒரு பதில் உண்டு. அது பலவீனமான பதிலும் அல்ல. கடைகளின் வருமானம் இல்லையென்றால் பயணியின் டிக்கெட்டில் ஏறும் நிலையக் கட்டணங்கள் கூடும் என்பார்கள். 2016ஆம் ஆண்டு தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை, விமானம் சாராத வருமானத்தில் 30 விழுக்காட்டை அந்தக் கட்டணங்களைக் குறைக்கப் பயன்படுத்தச் சொல்கிறது. உண்மைதான். ஆனால் மீதி 70 விழுக்காடு அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. குறையும் கட்டணத்தின் பலன் எல்லோருக்கும் போக, அதற்கான பணத்தை மட்டும் பசித்தவர் தனியாகக் கட்டுகிறார்.

விமானத்தில் போகிறவருக்கு 200 ரூபாய் பெரிதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். திருச்சி விமான நிலையத்தில் விடியற்காலையில் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் இந்தக் கேள்வி வராது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அவர்களில் பலர். கடன் வாங்கி டிக்கெட் எடுத்தவரிடம் காபிக்குத் தனியாகப் பணம் மிச்சமிருக்கும் என்று எப்படிச் சொல்வது? வசதியுள்ளவரோ குறிப்பிட்ட வங்கி அட்டையைத் தேய்த்து, பெயருக்கு 2 ரூபாய் கட்டி, ஓய்வறையில் பொங்கலும் வடையும் வயிறாரச் சாப்பிடுகிறார். இந்தத் தலைகீழ் நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரலாமே என்றால், தாராளமாக வரலாம். பொடி தடவிய இட்லியைப் போலப் பயணத்துக்கு ஒத்துவரும் உணவு வேறில்லை. ஆனால் இரவெல்லாம் பேருந்தில் வந்து சேருபவருக்கு இட்லி அவித்துக் கொடுப்பது யார்? வெளிநாட்டுப் பயணமென்றால் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி வேறு இருக்கிறது. சாம்பார் தூக்கு சோதனையைத் தாண்டாது.

மலிவாக விற்க முடியாது என்பதும் இப்போது செல்லாத வாதம். 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் ‘உடான் யாத்ரி கஃபே’ என்ற மலிவு விலைக் கடையைத் திறந்தார்கள். தேநீர் 10 ரூபாய், தண்ணீர் 10, காபி 20, சமோசா 20. 2025 பிப்ரவரியில் சென்னைக்கும் ஒன்று வந்தது. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விமான நிலையம் ஊருக்குள் என்ன விலையோ அதே விலைக்குத்தான் உள்ளேயும் விற்க வேண்டும் என்று கடைகளுக்கு விதி வைத்திருக்கிறது. அதனால் அங்கே கடைகள் மூடிவிடவில்லை.

ஆனால் சென்னையில் அந்த உடான் கடை இருப்பது பாதுகாப்புச் சோதனைக்கு முன்பு. சோதனை வரிசையின் நீளத்தைப் பார்த்துப் பதறுகிற பயணி அங்கே நின்று சாப்பிடமாட்டார். எனவே விமான நிலைய ஆணையத்திடம் கேட்க வேண்டியது இதுதான். சோதனையைத் தாண்டிய பகுதியில் ஒவ்வொரு முனையத்திலும் இப்படியொரு கடை வேண்டும், அது முதல் விமானப் பயணி வரும் நேரத்துக்கே திறந்திருக்க வேண்டும். குத்தகை ஒப்பந்தத்திலேயே இதை எழுதுங்கள். விடியற்காலையில் சமோசா எதற்கு? அதே 20 ரூபாய்க்கு இரண்டு இட்லி கொடுங்கள்.