செயல்திட்ட நிர்வாகச் சங்கங்களும் உறுப்பினர் தொண்டும்



ஓர் ஊரில் குடிநீர்த் தொட்டி கட்டி முடிந்துவிடுகிறது. அதற்கு நீர் தர வேண்டிய ஆழ்குழாய்க் கிணற்றுக்கு மின் இணைப்பு வந்தபாடில்லை. வேறோர் ஊரில் பள்ளிக் கட்டடம் எழுந்துவிடுகிறது. அங்குச் செல்லும் பாதைக்கு வேண்டிய நிலம் இன்னும் கைக்கு வரவில்லை. இத்தகைய காட்சிகள் மாவட்ட அதிகாரிகளுக்குப் புதியவை அல்ல. பணம் ஒதுக்கப்பட்டிருந்தும், ஆட்கள் இருந்தும் இவை நேர்கின்றன. எந்த வேலைக்கு முன்னதாக எந்த வேலை முடிய வேண்டும் என்ற கேள்வியை உரிய காலத்தில் எவரும் எழுப்பாததே காரணம். அக்கேள்வியை முறையாக எழுப்பி, விடை கண்டு, அதன்படி பணியை நடத்திச் செல்லும் துறைக்கே செயல்திட்ட நிர்வாகம் என்று பெயர்.

இக்கேள்வியை எழுப்பத் தெரிந்தவர்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. அணைகளையும் உருக்காலைகளையும் மின் நிலையங்களையும் ரயில் பாதைகளையும் உருவாக்கிய பொறியாளர்களும் கணக்கு அதிகாரிகளும் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கின்றனர். ஆனால் ஓர் அதிகாரி மாற்றலாகிச் செல்லும்போது அவருடைய அனுபவமும் அவருடன் சென்றுவிடுகிறது. கோப்பில் எஞ்சுவது செலவுக் கணக்கு. தாமதம் ஏன் ஏற்பட்டது, அதை எவ்வாறு தவிர்த்திருக்கலாம் என்ற செய்தி கோப்பில் ஏறுவது அரிது. இந்த அனுபவத்தைத் திரட்டி அடுத்தவருக்கு வழங்கும் இடமாக அமைவதே தொழில்முறைச் சங்கம். அச்சங்கமோ உறுப்பினர்கள் ஊதியமின்றி அளிக்கும் நேரத்தைக் கொண்டே இயங்குகிறது. அந்த நேரம் எவ்வாறு செலவிடப்படுகிறது என்பதைப் பொறுத்தே சங்கத்தின் பயன் அமைகிறது.

சங்கங்களின் தோற்றம்

செயல்திட்ட நிர்வாகம் தனியொரு துறையாக உருப்பெற்றது 1950-களின் இறுதியில். 1957-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் நெருக்கடிப் பாதை முறை உருவாயிற்று. 1958-இல் அந்நாட்டுக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைப் பணிக்காகப் பெர்ட் என்னும் வலைப்பின்னல் முறை வகுக்கப்பட்டது. இம்முறைகளைக் கையாண்டவர்கள் வெவ்வேறு தொழில்களில் சிதறிக் கிடந்தனர். கட்டடத் துறையில் இருப்பவர் கண்ட தீர்வு, கப்பல் துறையில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. இக்குறையை நீக்கவே சங்கங்கள் தோன்றின. ஐரோப்பாவில் 1965-இல் ஓர் அமைப்பு உருவாயிற்று. அதுவே இன்று சர்வதேசச் செயல்திட்ட நிர்வாகச் சங்கமாக விளங்குகிறது. 1969-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டது. 1972-இல் பிரிட்டனில் ஒரு சங்கம் எழுந்தது.

அட்லாண்டாவில் பிறந்த அமைப்புக்கு இன்று உலகெங்கும் முந்நூறு கிளைகள் வரை உள்ளன. மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை, புணே முதலிய இந்திய நகரங்களிலும் கிளைகள் இயங்குகின்றன. ஐரோப்பிய அமைப்புடன் இணைந்த சங்கமும் நம் நாட்டில் உண்டு. தலைமையகத்தில் ஊதியம் பெறும் அலுவலர்கள் இருப்பினும், நகரக் கிளைகளை நடத்துவோர் பெரும்பாலும் கௌரவ ஊழியர்களே. 1996-இல் முதற்பதிப்பாக வெளிவந்த, இத்துறையின் அடிப்படைக் கையேடும் பல நாட்டு உறுப்பினர்கள் தொண்டாக அளித்த உழைப்பில் விளைந்ததே.

உறுப்பினர் ஆற்றும் பணிகள்

நகரக் கிளை ஒன்றின் வேலைகள் வெளிப்பார்வைக்கு எளியவை. மாதந்தோறும் ஒரு சொற்பொழிவுக் கூட்டம், சான்றிதழ்த் தேர்வு எழுதுவோருக்குப் படிப்பு வட்டம், கல்லூரி மாணவர்களுக்கு அறிமுக வகுப்பு, புதிய உறுப்பினருக்கு அனுபவசாலி ஒருவரின் வழிகாட்டல், ஆண்டு மாநாடு, செய்தி மடல், வரவு செலவுக் கணக்கு, தேர்தல். இவற்றுள் மேடையில் தெரிவது சொற்பொழிவும் மாநாடும் மட்டுமே. நாற்காலி போடுவோரும், கணக்கு எழுதுவோரும், வராதவரை விசாரித்துக் கடிதம் எழுதுவோரும் இல்லாவிட்டால் மேடையே இல்லை.

உறுப்பினர் தொண்டுக்கு ஒரு சிறு ஊக்கமும் உண்டு. புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் இன்ஸ்டிடியூட்டின் பிஎம்பி சான்றிதழ் பெற்றவர், அதைப் புதுப்பித்துக்கொள்ள மூன்று ஆண்டுகளில் 60 தொழில் வளர்ச்சி அலகுகளைச் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரப் பயிற்சி ஓர் அலகாகும். துறைக்கு ஆற்றும் தொண்டும் ஒரு வரம்பு வரை இக்கணக்கில் சேரும். இது வரவேற்கத்தக்க ஏற்பாடு. ஆயினும் அலகு சேர்ந்தவுடன் விலகிவிடுவோரையும் இது ஈர்க்கும் என்பதை நிர்வாகிகள் மறத்தலாகாது. அலகுக்காக வந்தவரைப் பணியின் சுவை காட்டி நிறுத்திக்கொள்வதில்தான் நிர்வாகியின் திறமை இருக்கிறது.

தொண்டும் ஒரு செயல்திட்டமே

பிறருக்குக் காலக்கெடுவைப் போதிக்கும் சங்கங்கள், தம் சொந்தப் பணிகளில் அதைக் கைவிடுவதுண்டு. ‘உங்களால் இயன்றதைச் செய்யுங்கள்’ என்று பொதுப்படையாகக் கேட்டால் எல்லாரும் தலையசைப்பர், ஒருவரும் தொடங்கார். இறுதியில் நான்கு பேரே எல்லாச் சுமையையும் தாங்கி, இரண்டு ஆண்டுகளில் சலித்து ஒதுங்குவர். அவர்களோடு சங்கமும் ஓய்ந்துவிடும். தொண்டு செய்ய முன்வரும் ஒருவருக்கு நான்கு செய்திகள் எழுத்தில் தரப்பட வேண்டும்: வேலை என்ன, எத்தனை மணி நேரம் பிடிக்கும், எந்த நாளில் முடிய வேண்டும், முடிந்தபின் யாரிடம் ஒப்படைக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் மட்டுமே தர இயலும் என்பவருக்கும் இம்முறையில் பயனுள்ள வேலை கிடைக்கும்.

மாணவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு பயன்படும். ஆண்டு மாநாட்டுக்குச் சொற்பொழிவாளரின் இசைவு பெற 4 வாரம் ஆகும் என்று கொள்வோம். இசைவு பெற்ற பிறகே அழைப்பிதழை அச்சிட முடியும். அதற்கு 2 வாரம். அழைப்பை அனுப்பி உறுப்பினர்களின் பதிலைப் பெற 3 வாரம். ஆக, 9 வாரம் தேவை. மண்டபம் பிடிக்க 1 வாரம் போதும். அதையும் அழைப்பிதழ் அச்சாவதற்கு முன் முடித்தாக வேண்டும். இரு வேலைகளும் ஒரே நாளில் தொடங்கினால், மண்டபப் பொறுப்பாளருக்கு 3 வாரம் கைவசம் இருக்கிறது. சொற்பொழிவாளரை அணுகும் பொறுப்பாளருக்கு ஒரு நாள் கூட மிச்சமில்லை. அவர் ஒரு வாரம் தாமதித்தால் மாநாடே ஒரு வாரம் தள்ளிப்போகும். அனுபவம் மிக்க உறுப்பினரை எந்த வேலையில் அமர்த்துவது என்பது இப்போது தெளிவாகிறது. பெரிய அணைக்குப் பொருந்தும் இக்கணக்கு, சங்கத்தின் சிறிய விழாவுக்கும் பொருந்துகிறது. வகுப்பில் படித்ததை ஓர் இளைஞர் அச்சமின்றிச் செய்து பார்க்கும் பயிற்சிக்களமாகவும் சங்கம் அமைவது இவ்வாறே.

ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு துணைப் பொறுப்பாளர் இருப்பதும், ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு பக்க அளவில் குறிப்பு எழுதி வைப்பதும் அவசியம். எது நன்கு நடந்தது, எது தவறியது, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்ற மூன்று விவரங்கள் அதில் போதும். வெற்றிகளைக் கூறும் மலர்கள் ஏராளம். தவறுகளை நேர்மையாகக் கூறும் குறிப்புகளே அடுத்தவருக்கு வழி காட்டுபவை.

கேரளம் காட்டிய வழி

தேச நிர்மாணத்தில் தொண்டு நம் நாட்டுக்குப் புதிதன்று. முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1952-இல், மக்கள் ஒத்துழைப்பைத் திரட்டுவதற்காகப் பாரத் சேவக் சமாஜ் நிறுவப்பட்டது. பீகாரில் கோசி ஆற்றின் கரைகளை எழுப்பும் பணியில் அதன் மூலம் கிராம மக்கள் மண் சுமந்தனர். அது உடல் உழைப்பின் தொண்டு. நுட்ப அறிவையும் அவ்வாறே தொண்டாகத் திரட்ட இயலும் என்பதைப் பின்னர் கேரளம் காட்டியது.

1996 ஆகஸ்டில் அம்மாநிலத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கிற்று. மாநிலத்தின் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் விட முடிவாயிற்று. பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செயல்திட்டங்களைத் தயாரித்தன. மக்களின் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் பல செயல்திட்டங்களில் நுட்பக் குறைகள் காணப்பட்டன. அத்தனையையும் சில மாதங்களுக்குள் பரிசீலிக்க அரசுத் துறைகளின் அலுவலர்கள் மட்டும் போதவில்லை. மாநிலத் திட்டக் குழு, ஓய்வு பெற்ற பொறியாளர்களையும் மருத்துவர்களையும் வேளாண்மை அதிகாரிகளையும் பேராசிரியர்களையும் தொண்டாற்ற அழைத்தது. தன்னார்வத் தொழில்நுட்பப் படை என்ற அமைப்பில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தனர். வாரத்தில் ஒரு நாளாவது பஞ்சாயத்துகளுக்கு உதவ வேண்டும் என்பது அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது.

இவ்வேற்பாட்டில் ஒரு விதி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. நிபுணர் குழுக்கள் மதிப்பீட்டின் பிழைகளைத் திருத்த உதவலாம். ஆனால் பஞ்சாயத்து வகுத்த முன்னுரிமையை மாற்றும் உரிமை அவற்றுக்கு இல்லை. கிணறு முதலில் வேண்டுமா, சாலை முதலில் வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பவர் மக்கள். கிணறு எனத் தீர்மானித்தபின், அதைச் செம்மையாகச் செய்யும் வழியைச் சொல்வது நிபுணர். அறிவுடையோர் செய்யும் தொண்டு அதிகாரமாக மாறிவிடாமல் இருக்க இக்கோடு இன்றியமையாதது.

தொண்டின் எல்லைகள்

வேறு சில எல்லைகளும் உண்டு. ஒப்பந்தக்காரரிடம் பணியாற்றும் உறுப்பினர் ஒருவர், அதே ஒப்பந்தக்காரர் போட்டியிடும் பணியின் மதிப்பீட்டைப் பரிசீலிக்க அமரலாகாது. சங்க மேடை பொருள் விற்போரின் விளம்பர மேடையாகிவிடலாகாது. காலியாக உள்ள பொறியாளர் பணியிடத்தை நிரப்பாமல், தொண்டரைக் கொண்டே காலம் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் எந்த அலுவலகத்திலும் தலைதூக்கலாகாது. தொண்டர் ஆலோசனை கூறலாம். அளவுப் புத்தகத்தில் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பவர் அரசு ஊழியரே. அப்பொறுப்பு இரவல் கொடுக்கப்படுவதன்று.

தொண்டாற்ற யாருக்கு ஓய்வு கிடைக்கிறது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. மாலை 7 மணிக்கு நகரின் மையத்தில் நடக்கும் கூட்டத்துக்கு, வீட்டுப் பொறுப்பும் சுமக்கும் பெண் பொறியாளர் எளிதில் வர இயலாது. தொலைவிலுள்ள பணித்தளத்தில் முறைவேலை பார்க்கும் இளம் பொறியாளரும் வர இயலாது. அனுபவசாலியின் துணை மிகுதியும் தேவைப்படுவது இவர்களுக்கே. கூட்ட நேரத்தையும் இடத்தையும் மாற்றி அமைப்பதும், பணித்தளத்துக்கே சென்று கூடுவதும் சிறிய காரியங்களாகத் தோன்றலாம். சங்கம் யாருக்காக என்பதை முடிவு செய்பவை அவையே.

நகரிலிருந்து மாவட்டத்துக்கு

₹150 கோடியும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்திய அரசுச் செயல்திட்டங்களின் முன்னேற்றத்தை மத்தியப் புள்ளியியல், திட்டச் செயலாக்க அமைச்சகம் கண்காணித்து வருகிறது. சில லட்ச ரூபாயில் முடியும் கால்வாய்க்கும் துணைச் சுகாதார நிலையத்துக்கும் அத்தகைய கண்காணிப்பு இல்லை. நாட்டில் சுமார் இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகள் உள்ளன. அவை ஆண்டுதோறும் தம் வளர்ச்சித் திட்டத்தை வகுக்கும்போது, அருகிருந்து உதவும் அனுபவசாலிகள் அவற்றுக்கு வாய்ப்பது அரிது. சங்கங்களோ பெருநகரங்களில் குவிந்துள்ளன. அறிவு ஓரிடத்திலும் தேவை வேறோரிடத்திலும் இருக்கின்றன. இவ்விடைவெளியைக் குறைப்பதே உறுப்பினர் தொண்டின் அடுத்த கட்டமாக அமைய வேண்டும்.

இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. ஒரு நகரக் கிளை அண்மையிலுள்ள ஒரு வட்டாரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரு உறுப்பினர்கள் அங்குச் சென்று, பஞ்சாயத்துச் செயலரோடும் இளநிலைப் பொறியாளரோடும் அமர்ந்து, அவ்வாண்டுப் பணிகளின் வரிசையை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். நிலம் கைக்கு வந்ததா, மின் இணைப்புக்கு மனுச் செய்தாயிற்றா, மழைக்கு முன் அடித்தளம் முடியுமா, கட்டி முடிந்தபின் பராமரிப்பவர் யார் என்ற கேள்விகள் போதும். அதிகாரிகள் இவர்களைக் குறை காண வந்தவர்களாகக் கருதாமல், இரண்டாவது கண்ணாகக் கருதி வரவேற்க வேண்டும். மாணவர்கள் உடன் சென்று குறிப்பெடுக்கலாம். ஒரு பணித்தளத்தில் ஒரு நாள் கற்பது, வகுப்பறையில் ஒரு மாதம் கற்பதற்கு ஈடாகும்.

சங்கத்தின் ஆண்டறிக்கையில் நடந்த கூட்டங்களின் எண்ணிக்கை இடம்பெறும். சேர்ந்த உறுப்பினர்களின் எண்ணிக்கையும் இடம்பெறும். அவற்றோடு இன்னொரு வரியும் இடம்பெறட்டும்: உறுப்பினர் ஒருவர் உரிய காலத்தில் கேட்ட ஒரு கேள்வியால், எந்த ஊரில் எந்தத் தொட்டியில் உரிய நாளில் நீர் ஏறிற்று என்ற வரி. அந்த ஒரு வரியை எழுத முடிந்த சங்கம், உறுப்பினர்கள் அளித்த நேரத்துக்குக் கணக்குக் கொடுத்த சங்கமாகும்.